ரெசின் ஏன் பிசுபிசுக்கிறது?

கேள்வி: எப்பாக்ஸி ரெசினில் (ஹார்டனர் என்னும் திரவத்தோடு கலந்தால் இறுகிக் கெட்டியாகும் திரவப் பிசினில்) சாவிக்கொத்துகள் செய்கிறேன். இரண்டு நாளாகியும் சில இடங்கள் பிசுபிசுக்கின்றன. ஹார்டனரைச் சற்றுக் கூட்டலாமா?

பதில்: கூட்டவே கூடாது. ரெசினும் ஹார்டனரும் குறிப்பிட்ட விகிதத்தில் வேதிவினை புரிந்தே இறுகுகின்றன. மிஞ்சும் ஹார்டனர் வினையில் சேராமல் உள்ளேயே தங்கிப் பொருளை மென்மையாக்கிவிடும். புட்டியில் 2:1 என்றிருந்தால் அது எடையா, கன அளவா என்று பாருங்கள்; ரெசினின் அடர்த்தி பொதுவாக அதிகம் என்பதால் இரண்டும் ஒன்றாகா.

உங்களுக்குச் சில இடங்கள் மட்டும் ஒட்டுவதால், கலக்கியதில்தான் குறை இருக்கும் என்று கருதுகிறேன். கோப்பையின் ஓரத்தையும் அடியையும் குச்சியால் வழித்து வழித்து, குமிழி எழாதபடி மூன்று நிமிடமாவது மெதுவாகக் கலக்கி, வேறொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி மீண்டும் கலக்கிய பிறகே அச்சில் ஊற்றுங்கள். பழைய கோப்பையைச் சுரண்டி ஊற்றாதீர்கள். நைட்ரைல் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம் தேவை.