பனிக்காலத்தில் பேட்டரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குளிர் தொடங்கியதும் வரும் கடிதங்களில் பாதிக்கு ஒரே பதில்தான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வண்டியை நிறுத்தி வைக்கும் முன் பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி: காரை நான்கு மாதம் எடுக்கப் போவதில்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டுமா?

கழற்றினால் நல்லது, கட்டாயமில்லை. முழு சார்ஜில் இருக்கும், கார்களில் வழக்கமாக வரும் லெட்-ஆசிட் (ஈயமும் ஆசிட்டும் உள்ள) பேட்டரி மைனஸ் 60 டிகிரி வாக்கில்தான் உறையும். காலியான பேட்டரி மைனஸ் 8, 10-லேயே உறைந்துவிடும். அதனால் குளிரைவிட, இறங்கிய பேட்டரிக்குத்தான் பயப்பட வேண்டும். உள்ளே கொண்டுவந்தாலும் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். சூடு 10 டிகிரி கூடினால் சார்ஜ் தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வண்டியிலேயே விடுவதென்றால் மைனஸ் கேபிளையாவது கழற்றி வையுங்கள்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸ் நட்டைத் திருகும் ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், கையும் வெந்துபோகும்.

கேள்வி: சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்கிறார்களே?

இறங்காது. கடின ரப்பர் பெட்டியில் பேட்டரி வந்த காலத்துப் பேச்சு அது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது.

கேள்வி: வாரம் ஒருமுறை தவறாமல் 10 நிமிடம் இன்ஜினை ஓடவிடுகிறேன். அப்படியும் பேட்டரி படுத்துவிட்டது. மட்டமான பேட்டரியா?

பேட்டரி மேல் பழி போடாதீர்கள். இந்தப் பழக்கத்தை விடச் சொல்லி எத்தனை முறை எழுதினாலும் ஒவ்வொரு ஆண்டும் இதே கடிதம் வருகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிற்கும் வண்டியிலும் அலாரம், கடிகாரம், கன்ட்ரோல் யூனிட்டுகள் எல்லாம் சேர்ந்து 30 மில்லிஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். ஒரு வாரத்துக்கு 5 ஆம்பியர்-அவர் போய்விடும் (1 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1 ஆம்பியர்-அவர்). நீங்கள் ஸ்டார்ட் செய்வதற்கும் கொஞ்சம் செலவாகிறது. அந்த 10 நிமிடத்தில் ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன், பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாம் ஓடும். குளிர்ந்த பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும். ஒன்றரை ஆம்பியர்-அவர் திரும்பி வந்தாலே அதிகம். 60 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டே மாதத்தில் பாதியாகிவிடும்.

பாதி சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் பிளேட்டில் சல்பேட் என்ற வெள்ளை ஈய உப்பு கெட்டிப்படும். இப்படிப் பராமரித்த ஒரு பேட்டரியின் மூடிகளைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். பிளேட்டு விளிம்பெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. இரண்டு நாள் சார்ஜ் போட்டும், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரின் மிதவை மேலே வரவே இல்லை. அது வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத பேட்டரி, நல்ல பேட்டரி. மனம் ஆறவில்லை எனக்கு.

இன்ஜினுக்கும் இதனால் கெடுதல்தான். சூடேறாமலே அணைத்தால் ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர் தேங்கும். ஒரு மணி நேரம் சாலையில் ஓட்ட முடியுமா, ஓட்டுங்கள். முடியாதென்றால் வண்டியைத் தொடாதீர்கள். மாதம் ஒருமுறை சார்ஜர் போட்டு முழுக்க ஏற்றுங்கள். இல்லையென்றால், நிரம்பியதும் தானே 13.5 வோல்ட் வாக்கில் இறங்கி நிற்கும் தானியங்கி சார்ஜரை மாட்டியே வையுங்கள்.

கேள்வி: மீட்டரில் 12 காட்டுகிறது. போதுமா?

12 புள்ளி எத்தனை? அதை எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? 12.6, 12.7 என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால். 12.2 பாதி. வெறும் 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி, உடனே சார்ஜ் போடுங்கள். ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகையில் முழு சார்ஜ் 12.8-க்கு மேல் காட்டும். சார்ஜரை எடுத்த கையோடு அளக்காதீர்கள். நாலைந்து மணி நேரம் விட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

கேள்வி: பேட்டரி உறைந்து பக்கம் புடைத்திருக்கிறது. மெதுவாக சார்ஜ் ஏற்றினால் உருகிவிடும்தானே?

வேண்டவே வேண்டாம்! உறைந்த பேட்டரிக்கு சார்ஜரும் கூடாது, வேறு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டும் கூடாது. உள்ளே சேரும் வாயு வெடித்தால் ஆசிட் முகத்தில் தெறிக்கும். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு தூக்குங்கள். புடைத்த பேட்டரியைப் பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள், மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள். நான் முதலில் சொன்னதைச் செய்திருந்தால் இது நடந்திருக்காது.

கேள்வி: டிஸ்டில்டு வாட்டர் சார்ஜுக்கு முன்பா, பின்பா?

பின்பு. பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றுங்கள். குறி வரைக்கும் நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகு. குளிரில் தண்ணீர் ஊற்றிவிட்டு சார்ஜ் போடாமல் விட்டால் அது ஆசிட்டோடு கலக்காமல் மேலேயே நின்று உறையும். குழாய்த் தண்ணீர் கூடாது, ஆசிட்டும் கூடாது.

கேள்வி: கார் சார்ஜரில் பைக் பேட்டரி?

கூடாது. 10 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 1 ஆம்பியர் போதும்.

கேள்வி: என் பைக்கில் லித்தியம் பேட்டரி. இதையும் முழுக்க ஏற்றி வைக்கவா?

இது மட்டும் விதிவிலக்கு. பாதி சார்ஜுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, கேபிளைக் கழற்றி வையுங்கள். பல மாதம் தாங்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள். உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், அந்தச் சேதம் பிறகு சரியாகாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, லித்தியத்துக்கென்று உள்ள சார்ஜரில் போடுங்கள்.

கேள்வி: டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கிறது. சுரண்டலாமா?

உலர்ந்த பொடியைச் சுரண்டினால் கண்ணில் பறக்கும். கேபிளைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தடவுங்கள். நுரைத்து அடங்கும். செல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போனால் ஆசிட் கெடும். துடைத்து உலரவிட்டு, கிளாம்பை மாட்டி இறுக்கிய பிறகு மேலே வாஸ்லைன் பூசுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.