ஊசி தொடங்கிய பிறகு என் ஆமை உண்ணவில்லை, முன்னங்காலை இழுத்து நடக்கிறது. மருந்தை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, இங்கே எழுதியிருப்பவற்றை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். உங்கள் ஹெர்மன் ஆமைக்கு (தென் ஐரோப்பிய நில ஆமை) மூக்கு ஒழுகியதால் என்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி தொடங்கினார்கள், இரண்டாவது ஊசிக்குப் பின் கால் வீங்கிவிட்டது, தழையைத் திரும்பியும் பார்ப்பதில்லை, நோயைவிட மருந்துதான் அதைக் கொன்றுவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். இங்கிலாந்தில் நாங்கள் வளர்க்கும் மாணிக்கமும் ஹெர்மன் ஆமைதான். அதற்கும் மூக்கு ஒழுகலில் தொடங்கி நுரையீரல் வரை சளி இறங்கி, நீண்ட நாள் ஊசி போட வேண்டியிருந்தது. நான் மருத்துவர் அல்லள். மருந்தின் அளவைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் என்ற முறையில், எது மருந்தால் வரும் தொல்லை, எது நோயால் வரும் தொல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

கால் வீக்கம் பெரும்பாலும் மருந்தால் வந்ததாகவே இருக்கும். என்ரோஃப்ளாக்சசின் ஊசிக் கரைசல் காரத்தன்மை மிகுந்தது. தசைக்குள் இறங்கியதும் எரியும், அந்த இடத்துத் தசை சிதைவதும் உண்டு. தோலுக்கு அடியில் போட்டால் தோல் நிறம் மாறி உரிந்துபோவதையும் கால்நடை மருத்துவர்கள் அறிவார்கள். அதனால்தான் பலர் முதல் ஊசியோடு நிறுத்திவிட்டு வாய்வழி மருந்துக்கு மாற்றுகிறார்கள், அல்லது செஃப்டாசிடிம் என்ற வேறொரு நுண்ணுயிர்க்கொல்லிக்குப் போகிறார்கள். செஃப்டாசிடிம் ஆமையின் உடலில் நெடுநேரம் தங்குவதால் பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒரு முறை போட்டால் போதும், எரிச்சலும் குறைவு. நோயுற்ற ஆமையை நாள்தோறும் பிடித்து அழுத்தாமல் இருப்பதே ஒரு பெரிய ஆறுதல். மாணிக்கத்துக்கு மருந்தை மாற்றிய பிறகு நொண்டல் மெல்ல மெல்ல மறைந்தது. ஆகவே மருத்துவரிடம் “நிறுத்தலாமா” என்று கேட்பதைவிட, “இதே கிருமிக்கு வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா, வலிக்கு ஏதாவது கொடுக்கலாமா” என்று கேளுங்கள். பாதியில் மருந்து நின்றால் மிஞ்சிய கிருமி மீண்டும் பெருகும், அடுத்த முறை அதே மருந்து பலிக்காமலும் போகலாம்.

வீட்டில் ஊசி போடுபவர் நீங்கள் என்பதால் அதைப் பற்றியும் ஒரு சொல். ஊசியை முன்பகுதியில்தான் போடச் சொல்லியிருப்பார்கள். பின்னங்கால்களின் இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழியில் சிறுநீரகத்தைத் தொட்டுச் செல்லக்கூடும் என்பதால், அங்கே போட்ட மருந்து வீணாகவோ சிறுநீரகத்தைத் தாக்கவோ வாய்ப்பு உண்டு என்பது அதற்குக் காரணம். எல்லா மருந்துகளிலும் இது பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருந்தாலும் வழக்கம் மாறவில்லை. மாறத் தேவையும் இல்லை. ஒரு முறை இடக்கால் என்றால் மறுமுறை வலக்கால். என் கணவர் மாணிக்கத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். நான் காலைப் பிடித்து இழுப்பதில்லை. இழுத்தால் அது இன்னும் உள்ளே வாங்கிக்கொள்ளும், அந்த வலிமைக்கு முன் நம் விரல்கள் நிற்க மாட்டா. முழங்கைக்குப் பின்னால் ஒரு விரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால், சற்று நேரத்தில் தசை தளர்ந்து கால் தானாக வெளியே வரும். காலின் முகப்பு முழுவதும் கெட்டிச் செதிலாக இருந்தாலும், மேற்கையில் கழுத்தை ஒட்டிய பக்கத்துத் தோல் மெல்லியது. அங்கே இரண்டு செதில்களுக்கு நடுவில் ஊசி எளிதாக இறங்கும். உறைநிலையில் வைத்திருந்த செஃப்டாசிடிம் ஊசியை உள்ளங்கையில் மூடி, குளிர் விட்ட பிறகே போடுவோம்.

உண்ணாமைக்கு வருவோம். இதற்கும் மருந்தைத்தான் முதலில் குற்றம் சொல்லத் தோன்றும். மருந்துக்குப் பங்கு உண்டு: தழையைச் செரிக்க ஆமையின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களை, குறிப்பாக வாய்வழி மருந்துகள், பாதிக்கின்றன. ஆனால் மூக்கு அடைத்த ஆமைக்கு மணம் தெரியாது, மணம் தெரியாத உணவை அது தொடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குளிர்ந்த ஆமைக்குப் பசியே எடுக்காது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத உயிர் அது. மருந்து இரத்தத்தில் கலப்பது, கிருமியை எதிர்க்கும் அணுக்கள் வேலை செய்வது, வேலை முடிந்த மருந்தைச் சிறுநீரகம் வெளியேற்றுவது ஆகிய மூன்றுமே வெளியிலிருந்து கிடைக்கும் சூட்டை நம்பியிருக்கின்றன. சூடு போதாத கூண்டில் சரியான அளவு மருந்துகூட ஒரு பக்கம் பலனின்றியும், மறுபக்கம் உடலில் தேங்கித் தொல்லை தந்தும் நிற்கும். விளக்கடியில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், நிழல் பக்கத்தில் பகலில் 25 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருந்தோம். நலமாக இருக்கும் ஹெர்மன் ஆமைக்கு இரவுக் குளிர் நல்லது. நோயுற்றதற்கு அது ஆகாது. சிகிச்சை முடியும் வரை இரவிலும் 20 டிகிரிக்கு மேல் காத்தோம். விளக்குப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாமல், ஆமை படுக்கும் இடத்திலேயே வெப்பமானியை வைத்துப் பாருங்கள். இங்கிலாந்து வீடுகளில் தரை மட்டத்தின் குளிர் நமக்குத் தெரிவதில்லை, ஆமைக்குத் தெரியும்.

சூட்டுக்கு அடுத்தது நீர். நாள்தோறும் வெதுவெதுப்பான நீரில், மேலோடும் அடியோடும் சேரும் விளிம்பு வரை மட்டும் ஆழம் வைத்து, கால் மணி நேரமாவது உட்கார வையுங்கள். ஆமை குடிக்கும், கழிக்கும். சிறுநீரகத்தின் வழியே போகும் மருந்துகளுக்கு அதுதான் பாதுகாப்பு. குறிப்பாக ஜென்டமைசின், அமிக்காசின் வகை மருந்துகள் நீர்ச்சத்து குறைந்த ஆமையின் சிறுநீரகத்தை நேராகத் தாக்குபவை. குளியல் நீரில் வெள்ளையாக வெளிவரும் யூரிக் அமிலக் கழிவைக் கவனியுங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைப்போல் மெத்தென்று இருந்தால் நல்லது. விரலில் தேய்த்தால் மணல்போல் நறநறத்தால் உடலில் நீர் குறைந்துவிட்டது, அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் தோலடியில் நீர் ஏற்றக்கூடும். பார்த்த பின் கையைச் சோப்பால் கழுவ மறக்காதீர்கள். ஆமைகளின் உடலில் சால்மொனெல்லா கிருமி சாதாரணமாகவே இருக்கும்.

உணவில் கட்டாயம் வேண்டாம். வாயைப் பிரித்துக் கூழை ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். நம்மைப்போல் உதரவிதானத் தசை இல்லாததால், ஆமைகள் உள்ளே போனதை இருமித் தள்ள வல்லவை அல்ல. தேவைப்பட்டால் மருத்துவரோ, அவரிடம் பழகிக்கொண்ட நீங்களோ குழாய் வழியாகப் புகட்டலாம். அதுவரை குளியல் முடிந்து உடல் சூடேறிய வேளையில் நிறமுள்ளவற்றை முகத்துக்கு நேரே வையுங்கள். மாணிக்கம் முதலில் வாய் வைத்தது டேண்டிலயனின் மஞ்சள் பூவில்; இலையைத் தொட்டது அதன் பிறகுதான். செம்பருத்திப் பூவும் இலையும், முள் நீக்கிய சப்பாத்திக் கள்ளியும் நல்லவை. பசி தூண்டுகிறேன் என்று பழம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மருந்தால் கலங்கிய குடலில் சர்க்கரை நொதித்து வயிற்றுப்போக்காகும். சமையலறைத் தராசில் காலைக் குளியலுக்கு முன் எடை பார்த்து எழுதிவையுங்கள். ஒரே நாளில் ஏறி இறங்குவது நீராலும் கழிவாலும் வரும். வாரக் கணக்கில் இறங்கிக்கொண்டே வந்தால்தான் கவலை. ஊசி போட்ட நாள், போட்ட கால், உண்டது, கழித்தது ஆகியவற்றை எடைக்குப் பக்கத்திலேயே குறித்து வந்ததால், மாணிக்கம் சோர்ந்து கிடப்பது ஊசிக்கு மறுநாள் மட்டும்தான் என்பதை மருத்துவருக்குக் காட்ட முடிந்தது. மருந்தை மாற்ற அவர் முடிவெடுத்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான்.

இனிச் சொல்பவை காத்திருக்கக் கூடாதவை. கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், மூக்கில் குமிழி, கால்கள் துவண்டு தொங்குதல், தலை ஆட்டம், தோல் கொப்புளமாகி உரிதல். தலை ஆட்டமும் தள்ளாட்டமும் மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மிகுந்துபோனதாலும் வரலாம். தோல் உரிவது, கண் வீக்கத்துக்கென்று போடும் வைட்டமின் ஏ ஊசி அளவு மீறியதன் அடையாளமாகவும் இருக்கலாம். அந்த ஊசி போதிய காரணமின்றிப் போடத் தக்கதன்று. குடற்புழு மருந்தையும் நோயின் நடுவே சேர்த்துக் கொடுக்க விடாதீர்கள். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஃபென்பெண்டசோல் கொடுக்கப்பட்ட ஹெர்மன் ஆமைகளுக்கு வெள்ளணுக்கள் குறைந்தது பதிவாகியிருக்கிறது. நாய்க்கும் மாட்டுக்கும் தாராளமாகக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஆமைக்கு நஞ்சு. செயலிழக்கச் செய்து கொன்றுவிடும். ஆகவே ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை செய்து பழகிய மருத்துவரிடமே போங்கள், தொலைவானாலும் போங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்டதோ நோயுற்றதோ கிடைத்தால் வீட்டில் மருந்து தேடாமல் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். அதற்கு உரிய சிகிச்சை கிடைக்க அதுதான் வழி.

உங்களுக்கு வேறு ஆமைகளும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இதைத் தனி அறையில் வைத்து, மற்றவற்றைக் கவனித்த பிறகு கடைசியாகப் பராமரியுங்கள். மூக்கு ஒழுகலுக்கு மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவும் ஹெர்பீஸ் வைரசும் முக்கியக் காரணங்கள். இரண்டுமே நலமான பின்னும் உடலில் தங்கிப் பிற ஆமைகளுக்குத் தொற்றக்கூடியவை. எது என்று அறிய மாதிரி எடுத்துச் சோதிக்கக் கேளுங்கள். வைரசாக இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லி அதைத் தொடாது. கூடவே வரும் கிருமிகளை மட்டுமே அடக்கும். மூக்கு காய்ந்ததும் ஊசியை விட்டுவிடாமல் மருத்துவர் சொன்ன கடைசி ஊசி வரை போடுங்கள். இந்தக் குளிர்காலம் அதை ஆமைகளின் நீண்ட குளிர்கால உறக்கத்துக்கு அனுப்பாமல் விளக்கின் கீழேயே வைத்திருங்கள். அடுத்த இலையுதிர்காலத்தில் உறக்கத்துக்கு விடலாமா என்பதை எடைக் குறிப்பையும் ஓர் இரத்தப் பரிசோதனையையும் வைத்து அவரே முடிவு செய்யட்டும்.