சோற்றை விட்டேன், சுகர் குறையவில்லையே!

கேள்வி: எனக்கு வயது 54. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் 500 மாத்திரை காலையும் இரவும் போடுகிறேன். அரிசிச் சோற்றை அடியோடு விட்டுவிட்டேன். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியமும் இரவும் சப்பாத்திதான். தினமும் காலையில் வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 125, 130 என்றுதான் காட்டுகிறது. ஆனால் போன மாதம் லேபில் எடுத்த எச்பிஏ1சி 8.1 என்று வந்திருக்கிறது. மெஷின் தப்பா, லேப் தப்பா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம் அம்மா. எச்பிஏ1சி 8.1 என்றால், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் ரத்தச் சர்க்கரை சராசரியாக 185ஐ ஒட்டி இருந்திருக்கிறது. விடியற்காலையில் 130தான் என்கிறீர்கள். அப்படியானால் மற்ற நேரங்களில் 200ஐத் தாண்டிப் போய் வருகிறது என்றுதானே அர்த்தம்? அந்த நேரங்களில் நீங்கள் விரலைக் குத்திப் பார்ப்பதே இல்லை.

என் முதல் சந்தேகம் உங்கள் கஞ்சி மேல்தான். கேழ்வரகு நல்ல தானியம், சுண்ணாம்புச்சத்து அதில் ஏராளம், அதெல்லாம் உண்மை. ஆனால் அதை நைசாக அரைத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் குடித்தால், வயிற்றுக்கு வேலையே இருக்காது. மாவுச்சத்து மளமளவென்று குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் ஏறிவிடும். ‘சுகருக்கு நல்லதுதானே’ என்று இரண்டாவது டம்ளரும் உள்ளே போகும். என்னிடம் வருகிறவர்களில் கஞ்சியைச் சந்தேகப்படுகிறவர்கள் மிகக் குறைவு. பழி எல்லாம் சோற்றுக்குத்தான். கேழ்வரகை விட மனமில்லை என்றால், முருங்கைக்கீரை நிறையப் போட்டு அடையாகத் தட்டி, ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

சப்பாத்தி விஷயமும் அப்படித்தான். மூன்று சப்பாத்தியில் உள்ள மாவுச்சத்தும் ஒரு கப் சோற்றில் உள்ளதும் ஏறக்குறைய ஒன்று. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா என்றால் கணக்கு இன்னும் கூடும். ஆகவே ஆசைப்பட்டால் மதியம் சோறே சாப்பிடுங்கள், ஒரு கப் அளந்து. தட்டில் பாதி இடம் பொரியல், கூட்டு, கீரைக்கு. பருப்போ மீனோ கொஞ்சம். பொரியலையும் பருப்பையும் முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்குப் போனால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். சாப்பிட்டதும் படுக்காமல் ஒரு கால் மணி நேரம் நடங்கள், வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் போதும்.

இதெல்லாம் உங்கள் உடம்புக்கு எந்த அளவு ஒத்துவருகிறது என்பதை உங்கள் மெஷின்தான் சொல்ல வேண்டும். ஸ்ட்ரிப் விற்கிற விலையில் தினமும் காலையில் ஒன்றைச் செலவழிப்பதைவிட, ஒரே வேளைக்கு இரண்டாகச் செலவழியுங்கள்: சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல, முதல் வாயிலிருந்து. இரண்டாவது அளவு 180க்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 50க்குள் நின்றால் அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். கஞ்சி குடித்த நாளில் 120 என்பது 230 ஆனால், அப்புறம் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நோட்டில் அளவையும் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

குத்தும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு பார்த்தால் இல்லாத சர்க்கரையும் தெரியும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிடுங்கள். ஈரக்காற்று பட்டால் வீணாகிவிடும். நல்ல மெஷினிலேயே 15 சதவீதம் முன்பின் காட்டும். நிஜமாக 200 இருந்தால் 170ம் வரலாம், 230ம் வரலாம். அதனால் 142 வந்ததே என்று உடனே மறுபடி குத்த வேண்டாம்.

இன்னொன்று. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஹீமோகுளோபின் பார்த்து வெகுநாளாகியிருந்தால் பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மினை வருடக்கணக்காகப் போட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதையும் சேர்த்துப் பாருங்கள். கண், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், பாதம் ஆகிய பரிசோதனைகள் எப்படியும் வருடத்துக்கு ஒருமுறை.

இரண்டு வாரம் இப்படி எழுதிய நோட்டை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் கூட்டுவதா மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக மாற்ற வேண்டாம். மெட்ஃபார்மின் மட்டும் போடும்வரை சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது அபூர்வம். இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைட் போன்ற மாத்திரை சேர்த்தால் கதை வேறு. வேளைக்குச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. கை நடுங்கி, வியர்த்து, படபடப்பாக வந்தால் உடனே மெஷினில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், சுகர் ஃப்ரீ பொடி இதற்கு உதவாது. பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் இன்னொரு மூன்று டீஸ்பூன்.