பீச்சாங்கைக் கிட்டாருக்கு விலை உண்டா? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், திருவிழாக் கச்சேரிக் குழுக்களுக்குக் கிட்டார் பழுதுபார்த்துக் கொடுப்பவன் நான். இடக்கை எலக்ட்ரிக் கிட்டார் விற்பது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் இங்கே பதில்.

அண்ணே, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன எங்கண்ணன் இடக்கைக் கிட்டார் ஒன்னு விட்டுட்டுப் போயிருக்காரு. டவுன்ல கேட்டா 150 வெள்ளிதான் (ரிங்கிட்) தருவோம்ங்கிறாங்க. கொடுத்துரவா?

கொடுக்காதே தம்பி. கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் கடைக்கு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் வலக்கைக்காரர்கள், சரக்கு தூங்கிவிடும் என்று பயப்படுகிறார். ஆனால் இடக்கைக்காரர் புதுக் கிட்டார் வாங்கப் போனால் அவருக்கும் கடையில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், நிறம்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் உன் கிட்டாரை வாங்குகிறவர் சுங்கை சிப்புட்டில் இல்லை. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஜொகூரிலோ தேடிக்கொண்டிருக்கிறார். முடா, கேரோசல், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் என்கிற மூன்று இணைய விற்பனைத் தளங்களிலும் போடு. அதே மாடல் புதிதாக இன்றைக்கு என்ன விலை என்று பார்த்து, கழுத்தும் அதன் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான பிரெட்டுகளும் நன்றாக இருந்தால் அதில் அறுபது சதவீதத்தில் ஆரம்பி. ஆள் வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அவசரப் பணத்துக்கு நம்பியிருக்கக் கூடிய பொருள் அல்ல இது.

கம்பியை மாத்திப் போட்டு வலக்கைக் கிட்டார்னு வித்துட்டா சீக்கிரம் போகாதா?

இந்த யோசனை வாரம் ஒருவருக்கு வருகிறது. அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலக்கைக் கிட்டாரைக் கவிழ்த்து, கம்பிகளை மாற்றிக் கட்டித்தான் வாசித்தார், உண்மைதான். அவருக்கு அது வாசிப்பு. வாங்க வருகிறவருக்குத் தலைவலி.

கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டைப் பாருங்கள், அதுதான் நட். அதில் ஒவ்வொரு பள்ளமும் ஒரு கம்பிக்கென்று அறுத்தது. சாதாரண செட்டில் மெல்லிய கம்பி 0.010 அங்குலம், தடித்தது 0.046. இடம் மாற்றினால் மெல்லியது அகலப் பள்ளத்தில் ஆடிக் கரகரக்கும், தடித்தது உள்ளேயே இறங்காமல் மேலே தொக்கி நிற்கும். உடல் பக்கம் கம்பிகள் முடிகிற பிரிட்ஜில், தடித்த கம்பியைத் தாங்குகிற சேடல் துண்டு கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்திருக்கும். அதையும் திருத்தாவிட்டால் 12ஆவது பிரெட்டில் சுருதி விலகும். கழுத்தின் ஓரத்தில் வாசிப்பவர் பார்க்கிற புள்ளிகள் தரையைப் பார்க்கும். வால்யூம் குமிழ் முழங்கைக்கு அடியில் வந்து, வேகமாக வாசிக்கும்போது தானாகத் திரும்பும். இத்தனையும் சேர்ந்தால் இருந்த விலையும் போகும். இடக்கையாகவே விற்றுவிடுங்கள்.

வால்யூமைக் குறைச்சா முதல்ல ஒன்னும் ஆகல, கடைசியில பொசுக்குன்னு சத்தம் போயிடுது. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. மலிவான இடக்கைக் கிட்டார்கள் சிலவற்றில் வலக்கைக்கான ‘பொட்’ என்கிற பாகத்தையே (குமிழுக்கு அடியில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) தலைகீழாகக் கம்பி இணைத்து மாட்டிவிடுகிறார்கள். சத்தம் கூடிக் குறைகிற அளவைக் காது கேட்கிற விதத்துக்கு ஏற்ப வளைத்துச் செய்த பொட் அது. திருப்பி இணைத்தால் வளைவும் திரும்பிவிடும். பின் மூடியைத் திறந்து, பொட்டின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘ஏ 500கே’ என்றோ ‘ஏ 250கே’ என்றோ இருந்தால் சந்தேகம் சரி. அதே அளவில் ‘சி’ எழுத்து வாங்கி மாட்டினால் ஒழுங்காக இறங்கும். ‘சி’ கிடைக்காவிட்டால் ‘பி’ பரவாயில்லை. சாலிடர் பிடிக்கத் தெரிந்தால் அரை மணி நேர வேலை. விளம்பரத்தில் ‘பொட் மாற்றியது’ என்று எழுதுங்கள். இடக்கைக்காரர்கள் இந்தத் தொல்லையைப் பட்டவர்கள், அந்த வரியைப் பார்த்தே போன் போடுவார்கள்.

கரகர சத்தம் மட்டும் என்றால் எலக்ட்ரானிக் கடையில் கான்டாக்ட் கிளீனர் வாங்கி அடித்துக் குமிழை இருபது முப்பது தடவை திருப்பினால் போதும். மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு அடிக்கிற எண்ணெயை அடிக்காதீர்கள்.

எஸ்டேட் லயத்து வீட்டுல வருஷக்கணக்கா கிடந்துச்சு, பிரெட்டெல்லாம் பச்சை பிடிச்சிருக்கு.

கம்பியைப் புதிதாகப் போடுங்கள். பிரெட்டை மிக மெல்லிய இரும்பு நாரால் தேய்க்கலாம், ஆனால் முதலில் கம்பிக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பின் மேல் டேப் ஒட்டுங்கள். அது காந்தம்; தூளை இழுத்துக்கொண்டால் எடுக்கவே முடியாது.

படம் எப்படி எடுக்கறது?

போனின் பின் கேமராவில். செல்பி கேமரா சில போன்களில் படத்தைத் திருப்பிவிடும். இடக்கை வலக்கையாகத் தெரியும், தலையில் இருக்கும் பிராண்டு எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வரும். ‘இவனுக்கே தெரியவில்லை’ என்று பார்ப்பவர் போய்விடுவார். சீரியல் எண், பிரெட்டின் தேய்மானம், அடிபட்ட இடம் எல்லாம் கிட்டத்தில் வேண்டும்.

ஒருத்தர் பார்க்காமலேயே பணம் போட்டுட்டேன்னு ரசீது அனுப்பியிருக்கார், கொரியர்ல அனுப்பச் சொல்றார்.

ரசீதுப் படத்தை யாரும் தயாரிக்கலாம். உங்கள் பேங்க் செயலியில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பெட்டியை எடுங்கள். ‘கூடுதலாகப் போட்டுவிட்டேன், மீதியை இந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள்’ என்றால் அது திருட்டுத்தான். மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கிற போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பணம் போயே விட்டதென்றால் உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அழையுங்கள்.

நேரில் வருகிறவரே நல்லது. ஈப்போ ரயில் நிலையத்துக்கு வரச் சொல்லி, அவர் வாசித்துப் பார்க்க, பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் (ஒலிபெருக்கி) ஒன்றோடு போங்கள்.

வெளிநாட்டுக்காரர் கேட்கிறார். ரோஸ்வுட் விரல்பலகை, பிடிச்சுக்குவாங்களா சார்?

2017 ஜனவரி 2 முதல் ரோஸ்வுட் இனம் மொத்தமும், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸ் கட்டுப்பாட்டில் இருந்தது. 2019 நவம்பர் 26 முதல் இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் விலக்கு இல்லை. உங்கள் கிட்டார் அந்த வகை என்றால் 150 வெள்ளிக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் மகன் பீச்சாங்கைக்காரன். மாஸ்டர் வலக்கையிலேயே பழகச் சொல்றார். இந்தக் கிட்டாரை நான் வாங்கலாமா?

மாஸ்டர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அக்கா. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் மார்க் நாஃப்ளர் இடக்கைக்காரர், வலக்கையில்தான் வாசிக்கிறார். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியோ பேஸ் கிட்டாரை இடக்கையில் வாசிக்கிறார். பையனிடம் ஒரு துடைப்பத்தைக் கொடுத்துக் கிட்டார் வாசிக்கிற மாதிரி நடிக்கச் சொல்லுங்கள். அவன் தானாக எந்தப் பக்கம் பிடிக்கிறானோ அந்தப் பக்கமே விடுங்கள். இடக்கையில் பிடித்தால், சிங்கப்பூர் அண்ணனுடைய தம்பி மேலே இருக்கிறார், அவரிடம் பேசுங்கள். தம்பி, அக்காவிடம் அறுபது சதவீதம் கேட்காதே.