ஜூஹு கடற்கரையில் பீர் குடித்தால் கேஸா?

கேள்வி: கோடை விடுமுறைக்கு மதுரையிலிருந்து என் மைத்துனர் மகனும் அவன் கூட்டாளிகளும் மும்பை வந்திருந்தார்கள். ஒரு ராத்திரி ஜூஹு கடற்கரையில் உட்கார்ந்து பீரும் ரம்மும் குடித்திருக்கிறார்கள். போலீஸ் வந்து ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, கேஸ் போட்டுவிட்டது. பையன்கள் யாரோடும் சண்டை போடவில்லை, யாருக்கும் தொந்தரவு இல்லை. லைசென்ஸ் கடையில் காசு கொடுத்து வாங்கிய சரக்கு. விற்க அனுமதி கொடுக்கும் அரசாங்கமே குடித்தால் பிடிப்பது என்ன நியாயம்? சுற்றிப்பார்க்க வந்தவர்களிடம் இவ்வளவு கெடுபிடி தேவையா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சயான் கோலிவாடா)

பதில்: தேவைதான். சுற்றிப்பார்க்க வந்தவர் என்பதற்காக எந்தச் சட்டமும் விலகி நிற்காது. உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பையன்கள் பக்கம் நியாயம் இருப்பதாக நினைத்துக்கொண்டு நீங்கள் அவர்களை வழிநடத்தினால், அவர்களுக்கு இன்னும் பெரிய சிக்கல் வரும். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கடைக்காரருக்குக் கொடுத்த லைசென்ஸ் விற்பதற்கு மட்டும்தான். குடிப்பவருக்கு மகாராஷ்டிராவில் தனியாக அனுமதி வேண்டும். பம்பாய் மாகாணத்தில் 1949-ல் கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் இன்றைக்கும் இங்கே உயிரோடு இருக்கிறது. 1951-ல் உச்ச நீதிமன்றம் அதன் சில பிரிவுகளை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை நிலைநிறுத்தியது. பின்னாளில் மதுவிலக்கைத் தளர்த்தினார்களே தவிர, சட்டத்தை எடுக்கவில்லை. பர்மிட் முறை வந்தது. ஒரு நாள் பர்மிட் 5 ரூபாய், ஒரு வருடத்துக்கு 100, ஆயுள் முழுக்க 1,000. நம் ஏரியா பார் வாசலில் எல்லாம் 'பர்மிட் ரூம்' என்று போர்டு தொங்குவதற்கு இதுதான் காரணம். கவுன்டரில் யாரும் பர்மிட்டைக் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் கடைக்காரர் கேட்காமல் விட்டதை நீதிமன்றத்தில் ஒரு வாதமாகச் சொல்ல முடியாது. பர்மிட் இல்லாமல் குடிப்பதே இங்கே குற்றம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. பர்மிட் இருந்தாலும் அது தெருவிலும் கடற்கரையிலும் உட்கார்ந்து குடிப்பதற்கான உரிமை இல்லை.

அப்புறம் வயது. உங்கள் கடிதத்தில் பையன்களின் வயதை நீங்கள் எழுதவில்லை. தமிழ்நாட்டில் 21 ஆனால் போதும். மகாராஷ்டிராவில் பீருக்கும் வைனுக்கும்தான் 21. ரம், விஸ்கி, பிராந்திக்கு 25. ஊரில் டாஸ்மாக்கில் சட்டப்படி வாங்கக்கூடிய 22 வயதுப் பையன் இங்கே ரம் பாட்டிலைக் கையில் வைத்திருந்தால், அதுவே தனிக் குற்றம். டில்லியில் எல்லா மதுவுக்குமே 25. அங்கே பொது இடத்தில் குடித்தால் 5,000 ரூபாய் வரை அபராதம். குடித்துவிட்டுத் தொந்தரவும் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, 10,000 வரை அபராதம். அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஏன் ரத்தம் எடுத்தார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், குடித்தது தடைசெய்யப்பட்ட மது இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு குடித்தவர் தலையில் விழுகிறது. "நிதானமாகத்தான் இருந்தோம் சார்" என்பது அந்த ரிப்போர்ட்டுக்கு முன்னால் எடுபடாது. இது தவிர, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 355-ஆம் பிரிவு நாடு முழுக்கப் பொருந்தும். குடித்துவிட்டுப் பொது இடத்தில் பிறருக்கு இடைஞ்சலாக நடந்தால் 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; சமூக சேவை செய்யச் சொல்லவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. பழைய சட்டத்தில் இதே குற்றத்துக்கு அபராதம் வெறும் பத்து ரூபாய்.

இந்த பர்மிட் முறை பழசாகிவிட்டது, நடைமுறைக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும் என்பது என் கருத்தும்தான். தாராவியில் மூத்தவர்களைக் கேட்டால், மதுவிலக்கு கெடுபிடியாக இருந்த காலத்தில் கள்ளச்சாராயம் நம் ஜனங்களை என்ன பாடு படுத்தியது என்று சொல்வார்கள். ஆனால் பர்மிட் வேண்டாம் என்று வாதாடுவது வேறு, கடற்கரையில் குடிக்க விடுங்கள் என்று கேட்பது வேறு. முதலாவதில் உங்களோடு நிற்பேன். இரண்டாவதில் நிற்க மாட்டேன்.

ஏனென்றால், "யாருக்கும் தொந்தரவு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜூஹு மணலில் ஒரு நூறு அடி நடந்து பாருங்கள். பீர் பாட்டிலின் அடிப்பாகம் மட்டும் உடைந்து, விளிம்பு மேலே பார்த்தபடி மணலில் புதைந்து கிடக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு அலையைப் பார்த்து ஓடுகிற குழந்தையின் கண்ணுக்கு அது தெரியாது. துப்புரவுத் தொழிலாளிகள் அதைத்தான் விடியற்காலையில் குனிந்து குனிந்து பொறுக்குகிறார்கள். ராத்திரி வேலை முடிந்து, கொஞ்சம் காற்று வாங்கிவிட்டுப் போகலாம் என்று வரும் பெண், குடித்துக்கொண்டிருக்கும் நாலு பேரைத் தூரத்தில் பார்த்தாலே திரும்பிப் போய்விடுகிறாள். அவர்கள் நல்ல பையன்களாகவே இருக்கட்டும். அவளுக்கு அது எப்படித் தெரியும்? அவள் வராமலே போனதால், தொந்தரவு இல்லை என்று உங்கள் பையன்களுக்குத் தோன்றியிருக்கிறது.

கோலிவாடாவில் உங்கள் கட்டட வாசலில் யாரோ நாலு பேர் தினமும் உட்கார்ந்து குடித்தால் முதலில் போலீஸுக்குப் போன் போடுவது நீங்களாகத்தான் இருக்கும். அது சரிதான். அதே நியாயம் ஜூஹுவில் குடியிருப்பவர்களுக்கும் உண்டு. சொல்லப்போனால் தமிழ்நாட்டிலும் பொது இடத்தில் போதையில் இருப்பது குற்றம்தான். கடை வாசலில் நின்று குடிப்பதைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்த தடவை காருக்குள் உட்கார்ந்து குடிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். பீகார் மதுவிலக்கு வழக்கு ஒன்றில், பொதுச் சாலையில் போகும் சொந்த வண்டியும் அந்தச் சட்டப்படி பொது இடம்தான் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதோடு வண்டியை ஓட்டினால் கதை வேறு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே, முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

மும்பையிலிருந்து லீவுக்குக் கிளம்புகிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் லோணாவாலா, கர்ஜத் பக்கம் அருவிகளிலும் அணைகளிலும் மது கூடாது என்று கலெக்டர்கள் தடை உத்தரவு போடுகிறார்கள். மீறினால் உத்தரவை மீறியதற்கே தனி வழக்கு வரும். கோவாவில் எல்லாம் நடக்கும் என்கிற நினைப்பும் தப்பு. கடற்கரையில் குடிப்பதற்கும் பாட்டில் உடைப்பதற்கும் அபராதம் என்று 2019-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். விலை குறைவு என்று அங்கிருந்து பாட்டில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அனுமதி இல்லாமல் மகாராஷ்டிராவுக்குள் வருவது குடிப்பதைவிடப் பெரிய குற்றம். டாமன் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டாமனில் குடிக்கலாம், ஆனால் திரும்பி வரும் வழி வாபி, அது குஜராத், அங்கே மதுவிலக்கு. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் தண்ணீர் பாட்டிலில் கலந்து எடுத்துப் போகும் அன்பர்களும் கேளுங்கள்: ரயிலில் போதையில் இருந்தால் இறக்கிவிடலாம், டிக்கெட் பறிபோகும், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

போலீஸ் செய்வது எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு அது. அடிக்க யாருக்கும் உரிமை இல்லை. ரசீது இல்லாமல் யார் கையிலும் பணம் கொடுக்காதீர்கள். அது லஞ்சம், கொடுப்பவரும் மாட்டுவார். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் சட்ட உதவி மையத்தில் வழி சொல்வார்கள்.

இப்போது பையன்களுக்கு வருகிறேன். இந்த மாதிரி கேஸில் அபராதத் தொகையைப் பார்த்து அலட்சியமாக இருந்துவிடுவதுதான் வெளியூர்க்காரர்கள் செய்யும் பெரிய தவறு. ஜாமீனில் விட்டதும் ரயிலேறி ஊருக்குப் போய்விடுகிறார்கள், வாய்தா தேதி மறந்துபோகிறது. ஆஜராகாவிட்டால் நீதிமன்றம் வாரண்ட் பிறப்பிக்கும். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள் என்றால் உங்களிடமும் கேள்வி வரும். அதைவிட முக்கியம், கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. கோர்ட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். உங்கள் மைத்துனர் மகன் துபாய், சிங்கப்பூர் என்று வேலை தேடுகிற வயதில் இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் வழக்கு பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி மறைப்பது இன்னொரு குற்றம்.

அதனால் இந்த வாரமே ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள். என்னென்ன பிரிவுகளில் கேஸ் போட்டிருக்கிறார்கள் என்று எஃப்.ஐ.ஆர். நகலைக் காட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மதுரையிலிருந்து வர முடியாது என்றால், நேரில் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு மனு போடலாம். மாஜிஸ்திரேட்டுக்கு அந்த அதிகாரம் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி முடிப்பதா, வழக்கை நடத்துவதா என்பதை வக்கீலோடு கலந்து பையன்களே முடிவு செய்யட்டும். ஒப்புக்கொண்டால் அது தண்டனையாகப் பதிவாகும் என்பதை மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.