தண்டர்பேர்டில் எல்லா மெயிலும் இருக்கும்போது சர்வரில் பழையதை அழித்துவிடலாமா?

கேள்வியின் சாரம் இது: அலுவலக டொமைன் மெயில் ஐமேப் முறையில் (மெயிலைச் சர்வரிலேயே வைத்து, கணினியில் நகலைக் காட்டும் முறை) தண்டர்பேர்ட் என்ற மெயில் ப்ரோகிராமில் ஓடுகிறது. ஹோஸ்டிங்கில் கொடுத்த 5 ஜிபி நிரம்பிவிட்டது. நெட் இல்லாதபோதும் பழைய மெயில்கள் கணினியில் திறக்கின்றன. அப்படியானால் வெப்மெயிலில் நுழைந்து பழையதை எல்லாம் அழித்துவிடலாமா? கொஞ்சம் அழித்தும் பார்த்தாயிற்று. ஆனால் கணினியில் உள்ள இன்பாக்ஸ் கோப்பு 9 ஜிபியிலிருந்து இறங்கவே இல்லை, ஏன்? பக்கத்து இருக்கையில் அவுட்லுக் வைத்திருப்பவருக்கும் இதே கதைதானா?

அழிக்காதீர்கள். வெப்மெயிலில் நீங்கள் அழித்த மெயில், தண்டர்பேர்ட் அடுத்த முறை சர்வரோடு பேசும்போது கணினியிலும் காணாமல் போகும். இன்னொன்றையும் இப்போதே செய்யுங்கள்: செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்தின் கீழே, நெட்வொர்க் அண்ட் டிஸ்க் ஸ்பேஸ் பகுதியில், ஃபோல்டர்களைத் தானாகக் கம்பாக்ட் செய்யும் (அழித்தவற்றை நீக்கிக் கோப்பைச் சுருக்கும்) டிக்கை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே அழித்தவற்றை மீட்க வழி இருக்கிறதா என்பது அதைப் பொறுத்தது. காரணம் கீழே வருகிறது.

ஐமேப்பில் மூலப்பிரதி சர்வரில்தான் இருக்கிறது. கணினியில் இருப்பது அதன் நகல். நகலை மூலத்தோடு ஒத்துப்போக வைப்பதுதான் சிங்க் என்ற வேலை முழுவதும். தண்டர்பேர்ட் 993 போர்ட்டில் சர்வருக்குள் நுழைந்து இன்பாக்ஸைத் திறந்ததும், சர்வர் மூன்று எண்களைச் சொல்லும்: ஃபோல்டரில் மொத்தம் எத்தனை மெயில், அடுத்து வரப்போகும் மெயிலின் யூஐடி என்ன, அந்த ஃபோல்டரின் யூஐடிவேலிடிட்டி, அதாவது இந்த எண் வரிசை இன்னும் செல்லுமா என்பதைக் காட்டும் அடையாள எண், என்ன. யூஐடி என்பது ஒரு ஃபோல்டருக்குள் ஒவ்வொரு மெயிலுக்கும் கொடுக்கப்படும் ஏறுவரிசை எண். ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொரு மெயிலுக்குத் தரமாட்டார்கள்.

உதாரணமாக, உங்கள் கணினியில் உள்ள கடைசி யூஐடி 48210, சர்வர் சொல்லும் அடுத்த எண் 48215 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் அதிகபட்சம் நான்கு புது மெயில்கள். அவற்றின் தலைப்பு வரிகள் முதலில் இறங்கும். உடலும் இணைப்புகளும் பின்னணியில் மெதுவாக வரும். பட்டியலில் மெயில் தெரிந்தும் உள்ளே போனால் சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான். படித்ததாகக் குறிக்காமல் உடலை மட்டும் எடுக்க ஐமேப்பில் தனிக் கட்டளை உண்டு. அதனால்தான் பின்னணியில் இறங்கிய மெயில் படிக்காததாகவே நிற்கிறது.

அடுத்து நடப்பதுதான் உங்கள் கேள்விக்கான விஷயம். பழைய மெயில்களின் நிலையைச் சரிபார்க்க, 1 முதல் கடைசிவரை உள்ள யூஐடிகளையும் அவற்றின் கொடிகளையும், அதாவது படித்தது, பதில் அனுப்பியது, நட்சத்திரமிட்டது போன்றவற்றை, மெயில் ப்ரோகிராம் கேட்கும். தன்னிடம் இருக்கும் ஒரு யூஐடி சர்வரின் பதிலில் வரவில்லையென்றால் அதற்கு ஒரே பொருள்தான்: அது அழிக்கப்பட்டுவிட்டது. உடனே உள்ளூர்ப் பட்டியலிலிருந்தும் நீக்கும். உங்களிடம் கேட்காது. யார், எந்த ஃபோனிலிருந்து, ஏன் அழித்தார் என்று அதற்குத் தெரியவும் தெரியாது. கான்ட்ஸ்டோர் என்ற நீட்டிப்பு உள்ள சர்வரில் கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு மாறியவை மட்டும் வரும். இருந்தும் மொத்த எண்ணிக்கை இடித்தால் முழுப் பட்டியலையும் கேட்டுச் சரிபார்த்துவிடும். ப்ரோகிராம் திறந்திருக்கும்போது ஐடில் என்ற வசதியால் இணைப்பு திறந்தபடியே இருக்கும் (29 நிமிடத்துக்குள் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது 1997-இல் வந்த அதன் விதியிலேயே இருக்கிறது). ஆகவே வெப்மெயிலில் அழித்த சில நொடிகளில் கணினியிலும் போய்விடலாம்.

இனி அந்த 9 ஜிபி. ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் திறந்து, ப்ரொஃபைல் ஃபோல்டர் என்ற வரியில் உள்ள ஓப்பன் ஃபோல்டர் பட்டனை அழுத்துங்கள். உள்ளே ஐமேப்மெயில் என்ற ஃபோல்டர், அதற்குள் உங்கள் சர்வர் பெயரில் ஒன்று. அதில் இன்பாக்ஸ் என்ற பெயரில் எக்ஸ்டென்ஷன் இல்லாத பெரிய கோப்பு இருக்கும். அதுதான் எம்பாக்ஸ்: எல்லா மெயிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்பட்ட ஒரே டெக்ஸ்ட் கோப்பு. அதன் பக்கத்தில் அதே பெயரில் .எம்எஸ்எஃப் என்று முடியும் சின்னக் கோப்பு, அதற்கான பட்டியல். திரையில் நீங்கள் பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான். துணை ஃபோல்டர்கள் .எஸ்பிடி என்று முடியும் ஃபோல்டருக்குள் இருக்கும்.

ஒரு மெயிலை அழித்தால் பட்டியலிலிருந்து அந்த வரி போகும். பெரிய கோப்பில் அதன் பைட்டுகள் அப்படியே கிடக்கும். 9 ஜிபி கோப்பின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துவிட்டு மீதியை நகர்த்துவது ஒவ்வொரு அழிப்புக்கும் கட்டுபடியாகாது. அதனால் மொத்தமாகச் சேர்த்து ஒரு நாள் செய்கிறார்கள். அதுதான் கம்பாக்ட். வேண்டியவற்றை மட்டும் புதுக் கோப்பில் எழுதி, பழையதின் இடத்தில் வைப்பது. எனவே அது ஓட, மிஞ்சப்போகும் அளவுக்காவது ஹார்ட் டிஸ்கில் காலி இடம் வேண்டும். பாதியில் நின்றால் என்எஸ்டிஎம்பி என்ற பெயரில் தற்காலிகக் கோப்புகள் மிச்சமாகிக் கிடக்கும். கோப்பு வீங்க இன்னொரு காரணம்: இணைப்புகள் பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்டே மெயிலில் செல்கின்றன. 15 எம்பி பிடிஎஃப் மெயிலுக்குள் 20 எம்பிக்கு மேல் பிடிக்கும்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. இறங்காத அந்த 9 ஜிபிக்குள் நீங்கள் அழித்தவை இன்னும் இருக்க வாய்ப்பு உண்டு, கம்பாக்ட் ஓடாத வரைக்கும். நெட்டைத் துண்டித்து, தண்டர்பேர்டை முழுதாக மூடுங்கள். அந்த எக்ஸ்டென்ஷன் இல்லாத இன்பாக்ஸ் கோப்பை மட்டும், .எம்எஸ்எஃப் வேண்டாம், காப்பி எடுத்து ப்ரொஃபைலில் உள்ள மெயில் ஃபோல்டருக்குள் லோக்கல் ஃபோல்டர்ஸ் என்பதில் "மீட்பு" என்று வேறு பெயரில் போடுங்கள். திறந்தால் லோக்கல் ஃபோல்டர்ஸின் கீழ் மீட்பு என்ற ஃபோல்டர் தெரியும். அதைக் கிளிக் செய்ததும் கோப்பை முழுதும் படித்துப் புதுப் பட்டியல் போடும். 9 ஜிபிக்குச் சில நிமிடம் ஆகும், இடையில் மூடாதீர்கள். அழித்தவை வரவில்லையென்றால், பெரிய கோப்புகளைத் திறக்கக்கூடிய டெக்ஸ்ட் எடிட்டரில் மீட்பு கோப்பைத் திறந்து எக்ஸ்-மொஸில்லா-ஸ்டேட்டஸ் (X-Mozilla-Status) வரிகளைத் தேடுங்கள். 0009 என்றிருந்தால் படித்து அழிக்கப்பட்டது என்று பொருள். அதை 0001 ஆக்கிச் சேமித்து, மீட்பின் .எம்எஸ்எஃப் கோப்பை நீக்கிவிட்டு மறுபடி திறக்க வேண்டும்.

சர்வரில் இடம் பண்ணுவதற்குச் சரியான வழி, நகலைச் சிங்க் எட்டாத இடத்துக்கு முதலில் கொண்டுபோவது. லோக்கல் ஃபோல்டர்ஸ் எந்தச் சர்வரோடும் பேசாது. அதில் வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். ஒரே ராட்சதக் கோப்பாக விடாமல் இப்படிப் பிரித்தால் ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும். இன்பாக்ஸைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தி, ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் காப்பி டு கொடுங்கள். மூவ் வேண்டாம், இழுத்துப் போடவும் வேண்டாம். நெட் நடுவில் அறுந்தாலும் மூலம் பத்திரமாக இருக்க வேண்டும். ஒரேயடியாக இருபதாயிரம் மெயிலைத் தேர்ந்தெடுக்காமல் ஒரு சில ஆயிரமாகப் பிரித்துச் செய்தால் எங்கே நின்றது என்று தெரியும்.

முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். நெட்டை அணைத்துவிட்டு, பெரிய இணைப்புள்ள சில மெயில்களை லோக்கல் ஃபோல்டரில் திறந்து பாருங்கள். தண்டர்பேர்டை மூடி, ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுதாக வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுங்கள். இந்த மூன்றும் முடிந்த பிறகே சர்வரில் அந்த வருடத்தை அழிக்க வேண்டும். உள்ளூர் நகல் ஒரே டிஸ்கில் இருந்தால் சர்வரில் இருந்ததைவிட ஆபத்து அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அழித்த பிறகும் ஒதுக்கீடு குறையவில்லையென்றால் பதற வேண்டாம். ட்ராஷ் ஃபோல்டரும் அதே 5 ஜிபியில்தான் சேரும், அதையும் காலி செய்ய வேண்டும். அக்கவுண்ட் செட்டிங்ஸில் "ஜஸ்ட் மார்க் இட் ஆஸ் டிலீட்டட்" தேர்ந்திருந்தால் மெயிலுக்குக் கொடி மட்டும்தான் விழும். அப்படிக் குறித்தவற்றை உண்மையில் நீக்கும் எக்ஸ்பஞ்ச் என்ற கட்டளை போகும்வரை சர்வரில் இடம் திரும்பாது. ஐமேப் ஃபோல்டரைக் கம்பாக்ட் செய்தால் அந்தக் கட்டளையும் சேர்ந்தே போகும். மீட்பு வேலை முடிந்திருந்தால் இப்போது தாராளமாகச் செய்யலாம். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் கோட்டா (ஒதுக்கீடு) பக்கத்தில் சர்வரின் இன்றைய கணக்கு தெரியும்.

அக்கவுண்ட் செட்டிங்ஸில் சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறக்கும்போது மிகவும் கவனமாக இருங்கள். ஒரே பக்கத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரித் தெரியும் இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. மேலே இருப்பது கடைசி இத்தனை நாள் மெயிலை மட்டும் சிங்க் செய் என்பது. இது கணினியில் எவ்வளவு இறக்குவது என்பதை மட்டும் தீர்மானிக்கும்; சர்வரைத் தொடாது. கீழே டிஸ்க் ஸ்பேஸ் என்ற தலைப்பில் இருப்பது இத்தனை நாளுக்கு மேற்பட்டதை அழி என்பது. இது சர்வரில் உள்ள மூலத்தையும் சேர்த்து நிரந்தரமாக அழிக்கும். அந்த இடத்திலேயே அப்படித்தான் எழுதியும் இருக்கிறது, ஆனால் 'டிஸ்க் ஸ்பேஸ்' என்ற தலைப்பைப் பார்த்து, என் டிஸ்க்தானே என்று கிளிக் செய்துவிடுகிறார்கள். அங்கே "டோன்ட் டிலீட் எனி மெசேஜஸ்" என்பதே இருக்கட்டும்.

ஹோஸ்டிங் மாற்றும்போதும் இதே ஆபத்து வேறு உருவில் வரும். சர்வர் பெயர் அதேதான், ஆனால் புது இடத்தில் பெட்டி காலி. தண்டர்பேர்ட் உள்ளே போய்ப் பார்க்கிறது, யூஐடிவேலிடிட்டி மாறியிருக்கிறது. பழைய எண்கள் எதுவும் இனி செல்லாது, உள்ளூர் நகலைத் தூக்கிப்போட்டுப் புதிதாக எடு என்பதுதான் ஐமேப்பின் விதி. புதிதாக எடுக்க அங்கே எதுவும் இல்லை. மாற்றும் நாளுக்கு முன்பே லோக்கல் ஃபோல்டர்ஸுக்குக் காப்பி எடுத்திருந்தால் கவலை இல்லை. எடுக்கவில்லையென்றால், நெட்டை இணைப்பதற்கு முன் ஐமேப்மெயில் ஃபோல்டரைக் காப்பி எடுத்துவிடுங்கள்.

ஆன்டிவைரஸ் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் துழாவாதபடி விலக்கு கொடுப்பதும் அவசியம். ஒரு மெயிலில் வைரஸ் இருப்பதாகக் கண்டால், அதற்குத் தெரிவது ஒரே கோப்புதான். இன்பாக்ஸ் முழுவதையும் குவாரன்டைனில் போட்டுவிடக்கூடும்.

மெயிலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப்3 முறைக்கு மாறலாமா என்ற யோசனை இந்த இடத்தில் பலருக்கு வரும். அதில் மூலமே கணினிக்கு வந்துவிடும், சர்வரில் அழிந்தாலும் உள்ளூரில் இருக்கும் என்பது உண்மை. ஆனால் இன்பாக்ஸ் ஒன்றைத்தான் அது அறியும். சென்ட் ஃபோல்டரோ மற்றவையோ வராது. ஃபோனிலும் மெயில் பார்ப்பவருக்கு இது சரிப்படாது.

பக்கத்து இருக்கை அவுட்லுக்கிலும் தத்துவம் அதேதான். 2013 பதிப்பிலிருந்து, கிளாசிக் அவுட்லுக்கில், ஐமேப் அக்கவுண்டின் நகல் .ஓஎஸ்டி கோப்பில் இருக்கிறது. சர்வரில் அழித்தால் அதிலும் போகும். பத்திரப்படுத்த, தனி .பிஎஸ்டி கோப்பு ஒன்றை உருவாக்கி அதற்குள் காப்பி எடுக்கச் சொல்லுங்கள். 2010 முதல் அதன் இயல்பான உச்ச அளவு 50 ஜிபி. அதை ஒன்ட்ரைவிலோ நெட்வொர்க் ஷேரிலோ வைக்காமல் சொந்த டிஸ்கில் வைக்க வேண்டும். மெயில் சரியாக வரவில்லையென்றால் .ஓஎஸ்டியை அழித்துவிடு, தானாக மீண்டும் உருவாகும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். மெயிலைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஐமேப் அக்கவுண்டில் காலண்டருக்கும் கான்டாக்ட்ஸுக்கும் பக்கத்தில் "திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி" என்று எழுதியிருந்தால், அவை சர்வரில் இல்லை; அந்த .ஓஎஸ்டிக்குள் மட்டுமே இருக்கின்றன. அவற்றை எக்ஸ்போர்ட் செய்த பிறகே கோப்பில் கைவைக்க வேண்டும்.