நீளமான குண்டும் குழலின் முறுக்கும்: கேள்வி பதில்

கேள்வி: என் .223 ரைஃபிளின் குழல் 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கு கொண்டது (உள்ளே வெட்டிய சுருள் பள்ளங்கள் குண்டை 9 அங்குலத்தில் ஒரு முறை சுற்றிவிடும்). 70 கிரெயினுக்கு (சுமார் 4.5 கிராம்) மேற்பட்ட குண்டுகள் அதில் நிலைக்காது என்கிறார் நண்பர். அப்படியோர் எடை வரம்பு உண்டா?

குழல் குண்டை எடைபோட்டுப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் நீளம்தான். பறக்கும் குண்டின் மீது காற்றின் விசை செயல்படும் புள்ளி, குண்டின் எடை மையத்துக்கு முன்னால், மூக்குப் பக்கமாக அமைகிறது. ஆகவே காற்று அதை ஓயாமல் புரட்டிவிடப் பார்க்கிறது. சாட்டை தந்த வேகம் இருக்கும் வரை பம்பரம் விழாமல் நிற்பதைப் போல, சுழற்சி ஒன்றே குண்டை மூக்கு முன்னோக்கியபடி வைத்திருக்கிறது. விட்டம் மாறாமல் நீளம் மட்டும் கூடும்போது, புரட்டும் விசையின் பிடி வலுக்கும் அளவுக்குக் குண்டின் சுழற்சித் தாங்குதிறன் வளர்வதில்லை. அதனால்தான் நீண்ட குண்டுக்கு நெருக்கமான முறுக்கு, அதாவது இன்னும் குறைந்த அங்குலத்தில் ஒரு சுற்று, வேண்டியிருக்கிறது.

ஈயக் குண்டுகளில் எடை கூடினால் நீளமும் கூடும் என்பதால், எடையைச் சொல்லியே முறுக்கைப் பேசும் வழக்கம் வந்துவிட்டது. உங்கள் நண்பர் சொன்னது அந்த வழக்கத்தின்படி ஓரளவு பயன்படும் குறிப்பு, அவ்வளவே.

கேள்வி: குண்டின் நீளத்தை அளந்துவிட்டேன். தேவையான முறுக்கை எப்படிக் கணக்கிடுவது?

இங்கிலாந்தின் வுல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஆல்ஃபிரட் கிரீன்ஹில் 1879இல் தந்த விதி இன்றும் முதல் மதிப்பீட்டுக்கு உதவும். நீளத்தை விட்டத்தால் வகுத்து, குண்டின் நீளம் எத்தனை விட்டம் என்று காணுங்கள். பிறகு 150ஐ விட்டத்தால் பெருக்கி, வந்ததை அந்த எண்ணால் வகுத்தால் முறுக்கு அங்குலத்தில் கிடைக்கும். வேகம் விநாடிக்கு 2,800 அடியைத் தாண்டினால் 150க்குப் பதில் 180 என்று கொள்வது வழக்கம். 0.224 அங்குல விட்டமும் 1 அங்குல நீளமும் உள்ள குண்டுக்கு 150இன்படி ஏறத்தாழ 7.5, 180இன்படி 9 என வரும். விடை இவ்வளவு தூரம் விலகி நிற்பதே இவ்விதியின் குறை.

டான் மில்லர் 2005இல் வெளியிட்ட சூத்திரம் எடை, நீளம், விட்டம், முறுக்கு ஆகிய நான்கையும் சேர்த்து நிலைப்பு எண் ஒன்றைத் தருகிறது; வேகத்துக்கும் காற்றின் அடர்த்திக்கும் தனித் திருத்தங்கள் உண்டு. அந்த எண் 1க்குக் கீழே போனால் குண்டு புரளும், 1.4 அல்லது 1.5 இருந்தால் கவலையில்லை. இடைப்பட்ட நிலையில் குண்டு புரளாவிட்டாலும் தலையாட்டிக்கொண்டே போவதால் காற்றுத்தடை கூடி, நெடுந்தூரத்தில் இழப்பு தெரியும். மேற்சொன்ன 1 அங்குலக் குண்டின் எடை 77 கிரெயின் என்று கொண்டு, 2,800 அடி வேகத்தில் நான் போட்டுப் பார்த்த கணக்கு இது: 8 அங்குல முறுக்கில் 1.72, 9 அங்குலத்தில் 1.36, 12 அங்குலத்தில் 0.77. ஆகவே உங்களுக்கு முன் கேட்டவரின் 9 அங்குலக் குழல் 77 கிரெயினை ஏற்கலாம், ஆனால் கைவசம் மிச்சமில்லாமல்.

கேள்வி: என்னுடையது 12 அங்குல முறுக்குள்ள பழைய போல்ட் ரைஃபிள். 77 கிரெயின் குண்டுகள் 100 கஜத்தில் காகிதத்தில் பக்கவாட்டாகப் பதிந்து நீள்துளை இடுகின்றன. வெடிமருந்தைக் கூட்டி வேகத்தை உயர்த்தினால் சரியாகுமா?

ஆகாது, தயவுசெய்து முயலவும் வேண்டாம். நிலைப்பு எண் வேகத்தின் கனமூலத்தை ஒட்டியே உயர்கிறது. வேகத்தை 5 சதவீதம் கூட்டினால் அந்த எண் 2 சதவீதம்கூட ஏறாது, 0.77 என்பது 0.78 ஆகும். அந்த அற்ப ஆதாயத்துக்காக தோட்டா வெடிக்கும் அறையின் அழுத்தத்தை ஆபத்தான எல்லைக்குத் தள்ளுவது அறிவுடைமையாகாது. போதாதற்கு, நீண்ட குண்டு தோட்டாவின் உறைக்குள் ஆழமாக இறங்கி மருந்துக்கான இடத்தைக் குறைப்பதால் அழுத்தம் ஏற்கெனவே கூடியிருக்கும். எந்தப் புதிய குண்டுக்கும், தோட்டா நிரப்பும் கையேட்டில் அந்தக் குண்டுக்கென்று தந்திருக்கும் தொடக்க அளவிலிருந்தே ஏறிவர வேண்டும். உங்கள் குழல் 55 கிரெயினுக்கு அளந்து செய்தது. அதையே கொடுங்கள், அல்லது குழலை மாற்றுங்கள்.

கேள்வி: குழலில் முறுக்கு எண் பொறிக்கப்படவில்லை. எப்படி அறிவது?

முதலில் ரைஃபிளில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கைப்பிடி தாராளமாகச் சுழலும் துடைப்புக் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றிக் குழலுக்குள் செலுத்தி, கம்பியில் ஓர் அடையாளம் இடுங்கள். அவ்வடையாளம் முழுச் சுற்று சுற்றித் திரும்ப மேலே வரும்வரை கம்பி நகர்ந்த தூரமே முறுக்கு. துணி வழுக்கினால் அளவு பொய்யாகும் என்பதால் மூன்று முறையாவது அளவுங்கள். விளம்பரத்தில் 9 என்றிருந்த குழல் ஒன்று என் கையில் ஒன்பதேகால் காட்டியதுண்டு.

கேள்வி: ஈயக் குண்டை விட்டு, அதே எடையில் முழுச் செம்புக் குண்டுக்கு மாறினேன். இலக்கில் துளைகளின் குழு சிதறிவிட்டது. எடை ஒன்றுதானே?

எடை ஒன்று, நீளம் வேறு. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது; அதே எடைக்கு நீண்டே ஆக வேண்டும். ஒரு படி எடை குறைந்த செம்புக் குண்டை எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் முனையுள்ள குண்டுகளில் முனை நீளத்தைக் கூட்டினாலும் எடையில் அதன் பங்கு மிகச் சிறிது. முழு நீளத்தையும் சூத்திரத்தில் இட்டால் உண்மையைவிட மோசமான விடையே வரும்.

கேள்வி: அப்படியானால் எல்லாரும் மிக நெருக்கமான முறுக்கையே வாங்கிவிடலாமே?

தயங்கித் தயங்கித் தளர்ந்த முறுக்கை வாங்குவதைவிட அது மேல் என்பதே என் கருத்து. 1955இல் நடந்ததைப் பாருங்கள். வின்செஸ்டர் நிறுவனம் .243 தோட்டாவை 10 அங்குல முறுக்கோடும், ரெமிங்டன் நிறுவனம் .244ஐ 12 அங்குல முறுக்கோடும் ஒரே ஆண்டில் கொண்டுவந்தன. சிறு பிராணி வேட்டைக்கான இலேசான குண்டுகளை மனத்தில் வைத்தது ரெமிங்டன். வாங்க வந்தவர்களோ மானுக்கும் பயன்படும் 100 கிரெயின் குண்டைக் கேட்டார்கள். பின்னர் ரெமிங்டன் 9 அங்குல முறுக்குக்கு மாறி, 1963இல் 6 எம்எம் ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றிப் பார்த்தது. போன சந்தை திரும்பவில்லை.

மறுபக்கமும் உண்டு. வேகத்தை 720ஆல் பெருக்கி முறுக்கால் வகுத்தால் நிமிடச் சுழற்சி கிடைக்கும். 7 அங்குல முறுக்கில் 3,200 அடி வேகம் என்றால் 3,29,000 சுற்றுகளுக்கு மேல். மெல்லிய உலோக மேலுறை கொண்ட வேட்டைக் குண்டுகள் அச்சுழற்சியைத் தாங்காமல் இலக்கை அடையுமுன்பே நடுவானில் சிதறிப்போவதுண்டு. மேலுறை தடித்த, சமச்சீரான போட்டிக் குண்டுகளுக்கு இத்தொல்லை அரிது.

கேள்வி: 80 கிரெயின் குண்டு பொருத்திய தோட்டா ஏஆர்-15இன் மேகசினில் நுழையவில்லை. இன்னும் உள்ளே அழுத்தலாமா?

வேண்டாம். அந்த மேகசின் ஏற்கும் நீளம் 2.26 அங்குலம், 80 கிரெயின் போட்டிக் குண்டு அதற்காகச் செய்யப்பட்டதன்று. 600 கஜப் போட்டியில் ஒவ்வொன்றாகக் கையால் இட்டுச் சுடுபவர்களுக்கானது. மேகசினுக்கு 77 கிரெயினோடு நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: டென்வரில் கோடையில் 9 அங்குலக் குழலில் நன்றாகச் சுட்ட 77 கிரெயின் குண்டு, மினசோட்டாவுக்குக் குடிவந்த பின் பனிக்காலத்தில் தடுமாறுகிறது. குழல் தேய்ந்துவிட்டதா?

குழலைக் குறை சொல்லாதீர்கள், மாறியது காற்று. கடல்மட்டக் கணக்கில் நிலைப்பு எண் 1.36 வரும் குண்டு, டென்வரின் மெல்லிய காற்றில் 1.6ஐத் தாண்டும். தாழ்ந்த நிலத்தில், சுழியம் ஃபாரன்ஹீட் குளிரில் அடர்ந்த காற்று அதை 1.25 அளவுக்கு இறக்கிவிடும். அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைஃபிளின் தொடக்ககாலக் குழல்களில் 14 அங்குல முறுக்கு இருந்தது. கடுங்குளிரில் குண்டு நிலைக்கவில்லை என்று கண்ட பின்னரே, 1960களின் தொடக்கத்தில் அதை 12 அங்குலமாக நெருக்கினார்கள். நீங்கள் பனிக்காலத்துக்கு மட்டும் 69 கிரெயின் குண்டுக்கு மாறிப் பாருங்கள். கணக்கிடும்போது, நீங்கள் சுடப்போகும் நாட்களிலேயே மிகக் குளிரான நாளின் வெப்பநிலையை இட்டுக் கணக்கிடுங்கள்.